பூந்தமல்லிக்காரி மகளின் சம்மணம்

ஆறு வயதுப் பெண் குழந்தை சம்மணம் போட்டு உட்கார்ந்து இட்லி தின்பதைப் பார்த்து ஒரு வளர்ந்த பெண்ணுக்கு வயிறு எரியுமா என்று கேட்டால், எரியும். எனக்கு எரிந்தது. பல மாதம் அணையாமல் எரிந்தது.

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருக்கிறது நாங்கள் போகும் தெரபி சென்டர். நடக்க வராத பிள்ளைகளுக்கான இடத்தை மாடியில் வைத்த புண்ணியவானைச் சனிக்கிழமைதோறும் மனதுக்குள் வாழ்த்திக்கொண்டுதான் என் மகனை இடுப்பில் தூக்கிப் படியேறுவேன். அம்பத்தூரிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்குவதற்குள் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவன் கால்கள் இறுகி இறுகி விறகுக்கட்டையாகிவிட்டிருக்கும். மேலே போனதும் எல்லா அம்மாக்களும் பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளைகளின் கால்களை நேராகப் பிடித்துவைக்க மாட்டிய ஸ்ப்ளிண்டைக் கழற்றுவோம். அதன் ஒட்டுப்பட்டைகளைப் பிய்க்கும் சத்தம் கொஞ்ச நேரத்துக்கு அந்த ஹாலையே நிறைக்கும்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை அளவெடுக்கும் நாள். தெரபிஸ்ட், பிள்ளையைப் படுக்கவைத்து, இரண்டு கைகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை முட்டியில் வைத்து, கால் எதுவரை நீள்கிறது, எந்த இடத்தில் பிடிக்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதுவாள். வெளியே வந்ததும் நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது ஒரே கேள்விதான்: எவ்வளவு வந்தது? பள்ளிக்கூடத்தில் ரேங்க் கார்டு கொடுக்கும் நாளில்கூட அப்படிப் போட்டி இருந்து நான் பார்த்ததில்லை. கண்ணுபட்டுவிடும் என்று சிலர் குறைத்துச் சொல்வார்கள். நான் கூட்டிச் சொல்வேன்.

என் மகனுக்கு அப்போது எட்டு வயது. நாள் ஆவதற்குள் பிறந்தவன். மூளையிலிருந்து அவன் கால் தசைகளுக்குப் ‘பிடி’ என்ற உத்தரவு மட்டும் ஒழுங்காகப் போகும். ‘விடு’ என்பது போய்ச் சேராது. சத்தம் கேட்டால் இறுகும். பயந்தால் இறுகும். சிரித்தால்கூட இறுகும். இரண்டு தொடையும் ஒட்டி, பாதங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கத்தரிக்கோல் மூடியதுபோல் ஆகிவிடும். காலையில் வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டிப் பாயில் படுக்கவைத்து, காலை அகட்டிப் பிடித்துக்கொள்வேன். முப்பது வரை அவன்தான் எண்ண வேண்டும். வலிக்கிற நாளில் இருபதிலிருந்து முப்பதுக்குத் தாவுவான். நான் கண்டுகொள்ள மாட்டேன்.

ஆனால் அவன் நிற்பான். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு, முன்பாதத்தை ஊன்றி, முட்டி லேசாக மடங்க, நான் தோசை சுட்டு முடிக்கும்வரை நிற்பான். சுவரில் அடித்துவைத்த கம்பியைப் பிடித்துக்கொண்டு படுக்கையறையிலிருந்து பாத்ரூம்வரை தனியாகப் போவான். உள்ளே போனதும் கதவைச் சாத்திக்கொண்டு, “யாரும் வராதீங்க” என்பான். அந்தக் கதவைத் தானாகச் சாத்துவதற்கு அவனுக்கு இரண்டு வருடம் பிடித்தது. இதையெல்லாம் நான் சென்டரில் யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. அவனால் முடியாததுதான் எனக்குக் கணக்கில் இருந்தது, அதில் முதலாவது சம்மணம்.

அவன் பள்ளிக்கூடத்தில் மதியம் பிள்ளைகள் எல்லாம் வராந்தாவில் வரிசையாகச் சம்மணம் போட்டுச் சாப்பிடுவார்கள். இவன் மட்டும் ஓரத்தில் நாற்காலியில். அவன் அதற்காக ஒருநாளும் அழுததில்லை. நான்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்து அழுவேன்.

அப்படி இருக்கும்போதுதான் பூந்தமல்லிக்காரி வந்து சேர்ந்தாள். அவள் கணவருக்கு அங்கே டெய்லர் கடை. மகளுக்கும் என் மகனுக்கு இருந்ததே பிரச்சினை. வந்த புதிதில் அந்தப் பெண்ணின் தொடைகளுக்கு நடுவே ஒரு கைக்குட்டைகூட நுழையாது. எனக்கு அப்போது அவளை மிகவும் பிடித்திருந்தது. ஆறு மாதத்தில் ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள். ஒரு சனிக்கிழமை பார்க்கிறேன், பாயில் பாவாடையை விரித்துப்போட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்து, டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு இட்லி தின்கிறது அந்தக் குழந்தை.

கல்யாணத்துக்கு முன்பிருந்து பதினோரு வருடம் அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை பார்த்தவள் நான். மயிரிழை பிசகினாலும் என் கண்ணுக்குத் தெரிந்துவிடும். தேறும், தேறாது என்று எடுத்துப் போட்டுவிடுவேன். அந்தக் கண்ணோடு அந்தப் பெண்ணின் முட்டியை அளந்தேன். இரண்டும் தரையைத் தொடாத குறைதான். “நல்லா வந்துடுச்சே” என்று வாயால் சொன்னேன். அன்று வீட்டுக்கு வந்து மகனின் காலை வழக்கத்தைவிட அழுத்தி அகட்டினேன். அவன் முப்பது எண்ணவே இல்லை, கத்தினான்.

அவள்மேல் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்பது இன்னொரு எரிச்சல். என் மகனின் யூனிபார்ம் பேன்ட் ஸ்ப்ளிண்டுக்கு மேலே ஏறாமல் நான் மல்லுக்கட்டுவதைப் பார்த்து, “குடுங்கக்கா, எங்க ஊட்ல குடுத்துப் பிரிச்சுத் தச்சுத் தரேன்” என்று வாங்கிப் போனாள். உள்தையலைப் பிரித்து நீளமாக ஜிப் வைத்துக் கொண்டுவந்தாள். காசு வாங்கவில்லை. அந்தப் பேன்ட்டைத் துவைக்கும்போதெல்லாம் அவள் முகம் நினைவுக்கு வந்து, இரண்டு கும்மு கூடவே கும்முவேன். அவள் மகளுக்குக் காய்ச்சல், வரவில்லை என்று தெரிந்த சனிக்கிழமைகளில் எனக்கு ஏனோ படி சுலபமாக ஏறும். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

என்ன செய்தீர்கள் என்று அவளிடமே கேட்டேன். மறைக்கவில்லை. மருந்துச் சீட்டையே எடுத்துக் காட்டினாள். தசை இறுக்கத்தைத் தளர்த்த என் மகன் சாப்பிடும் அதே மாத்திரை. “ரெண்டு தபா ஏத்திக் குடுத்தாருக்கா டாக்டரு. அதுக்கப்புறம்தான் காலு நல்லா லூசாச்சு” என்றாள். எங்கள் டாக்டரிடம் அதற்கு முந்தைய மாதம்தான் மாத்திரையைக் கூட்டச் சொல்லிக் கேட்டிருந்தேன். “இவனுக்கு இப்போதைக்கு இது போதும்மா” என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்தப் பெண்ணைவிட இவன் இரண்டு வயது பெரியவன், எடையும் அதிகம். அவளுக்குக் கொடுப்பதை இவனுக்கு ஏன் கொடுக்கக் கூடாது? டாக்டருக்கு அக்கறை இல்லை என்று முடிவுகட்டிவிட்டேன்.

திங்கட்கிழமையிலிருந்து நானே கூட்டினேன். காலையில் அரை, இரவில் அரை. கணவரிடம் சொல்லவில்லை. சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. காலையில் போனால் பிள்ளை தூங்கிய பிறகு வருபவர். சொன்னால் டாக்டருக்குப் போன் போடுவார் என்று தெரியும்.

புதன்கிழமை பாயில் படுக்கவைத்துக் காலை அகட்டினால், கை வைத்ததும் திறந்துகொண்டது. எட்டு வருடத்தில் முதல்முறையாக அவன் கால்களை மடக்கிச் சம்மணம் போட்டு, சுவரில் சாய்த்து உட்காரவைத்தேன். தட்டில் தோசையை வைத்து மடியில் கொடுத்தேன். “பாத்தியா, எப்படி உக்காந்திருக்க பாரு!” என்றேன். அவன் சிரித்தான். சிரித்தும் கால் இறுகவில்லை. ஒரு வாய் வாங்கினான். அப்படியே தலை சரிந்து, தோசை வாயிலிருக்கத் தூங்கிவிட்டான். வாயிலிருந்ததை விரலால் எடுத்துப் போட்டுவிட்டு, பள்ளிக்கூடத்து அலுப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அத்தனை சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை காலை, கம்பியைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்குக் கிளம்பியவன் இரண்டாவது அடியில் மடிந்து விழுந்தான். முகவாய் தரையில் பட்டுக் கிழிந்தது. தூக்கி நிறுத்தினேன், மறுபடி மடிந்தான். சமையல் மேடையில் கையை ஊன்றி நிற்கவைத்தேன். முட்டி துணியாகத் துவண்டது. ரத்தம் சட்டையில் சொட்டியது. கீழே குனிந்து பார்த்துவிட்டு, “அம்மா, என் கால் எங்கம்மா போச்சு?” என்று கேட்டான்.

பக்கத்துக் கிளினிக்கில் மூன்று தையல் போட்டார்கள். வழுக்கி விழுந்துவிட்டான் என்று அங்கேயும் சொன்னேன், கணவரிடமும் சொன்னேன். மறுநாள் சென்டரில் தெரபிஸ்டிடம், “காய்ச்சல் வந்த அசதி” என்றேன். அவள் அவன் காலை எடுத்து மடக்கி நீட்டிப் பார்த்தாள். பாதத்தைப் பிடித்து ஆட்டினாள்.

“மாத்திரை ஏத்தினீங்களா?”

“இல்லையே.”

“அக்கா, கையில தெரியுது. எவ்வளவு ஏத்தினீங்க?”

சொன்னேன். பக்கத்துப் பாயில் பூந்தமல்லிக்காரி தன் மகளோடு உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் விழ வேண்டாம் என்று குரலைத் தாழ்த்திப் பார்த்தேன், ஆனால் தெரபிஸ்டுக்கு வந்த கோபத்துக்கு அந்த ஹால் போதவில்லை. “அந்த இறுக்கத்தை வெச்சுத்தான் இவன் நின்னுட்டிருந்தான்! தொடையில சொந்தப் பலம் ரொம்பக் கம்மி. இறுக்கம் அவனுக்குக் கெடுதல் மட்டும் இல்ல, அதுதான் அவனுக்கு முட்டுக் கொடுத்துச்சு. அதனாலதான் டாக்டர் ஏத்தல. உங்ககிட்ட யாருமே சொல்லலயா?” சொல்லியிருந்தார்கள். தொடைக்குப் பலம் வரட்டும், அவசரப்படாதீர்கள் என்று டாக்டர் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. சம்மணத்தைத் தவிர வேறு எதுவும் அன்று என் காதில் ஏறவில்லை.

நான் திரும்பிப் பூந்தமல்லிக்காரியைப் பார்த்தேன். “யா அல்லா, இன்னாக்கா இது!” என்று பதறி எழுந்தாள். பதற்றம் நிஜம்தான். அதற்கு ஒரு கணம் முன்னால், என் மகன் நிற்கவில்லை என்பது காதில் விழுந்த அந்தக் கணத்தில், அவள் முகத்தில் ஓர் ஆசுவாசம் வந்துபோனது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியாத முகமா அது? அவள் மகளுக்குக் காய்ச்சல் என்று கேட்டபோதெல்லாம் நான் வைத்திருந்த முகம்.

வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். “என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேக்கா. எம் பொண்ணுக்கு நிக்கவே வராதுன்னுதான் அவ்ளோ ஏத்தினாரு. உக்காரவாவது செய்யட்டும், தூக்கிக் கழுவுறதுக்காவது ஈஸியா இருக்கட்டும்னு. உங்க புள்ள நிக்கிறான், கம்பியப் புடிச்சுகினு போறான். நான் ஒவ்வொரு வாரமும் அதப் பாத்துகினு…” என்றவள் தன் மகள் பக்கம் திரும்பினாள்.

அந்தப் பெண் குழந்தை நின்று நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மயிரிழை பிசகைக் கண்டுபிடிக்கிற கண், இத்தனை மாதமாக அந்தக் குழந்தையின் முட்டியை மட்டுமே அளந்துகொண்டிருந்திருக்கிறது.

டாக்டர் திட்டியதை இங்கே எழுதவில்லை. ஒரேயடியாக நிறுத்தினால் அது வேறு ஆபத்து என்று, சிறிது சிறிதாகக் குறைக்கச் சொன்னார். அன்றிரவு கணவரிடம் உண்மையைச் சொன்னேன், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த வாரங்களில் மகனை நான்தான் பாத்ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கதவைச் சாத்த முடியாது. பிடித்துக்கொள்ள நான் உள்ளே இருக்க வேண்டும். அவன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். “திரும்பிக்கோ” என்பான் என்னிடம். திரும்பிக்கொள்வேன், கை மட்டும் அவன் தோளில் இருக்கும்.

பிறகு ஒரு காலை, பாயில் அவன் காலை அகட்டும்போது பாதியில் பிடித்தது. எட்டு வருடமாக நான் சபித்துக்கொண்டிருந்த பிடி. அந்தக் காலை விடாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அவன் “எண்ணட்டுமா?” என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

அதற்கடுத்த வாரம் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். முட்டி ஆடியது, கால்கள் பின்னிக்கொண்டன, ஆனால் நின்றான். போனை எடுத்து வீடியோ பிடித்தேன். கணவருக்கு அனுப்பினேன், தெரபிஸ்டுக்கு அனுப்பினேன். ஆனால் பிடிக்கும்போது என் மனதில் இருந்தவள் பூந்தமல்லிக்காரிதான்.

சனிக்கிழமை போய் அவளிடம் நீட்டினேன். மகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். முடிந்ததும் இன்னொரு தடவை பார்த்தாள். அந்தப் பெண் போனை இழுத்துத் தன் முகத்தருகே வைத்துக்கொண்டு, என் மகனைக் கேட்டது: “அண்ணா, நின்னுகினு பாத்தா இன்னா தெரியும்?”

“அடுப்பு தெரியும். எங்கம்மா மொறைக்கிறது தெரியும்” என்றான் இவன்.

எல்லோரும் சிரித்தோம். பூந்தமல்லிக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எனக்கும் அனுப்புங்கக்கா. இவ டெய்லி பாக்கட்டும், பாத்தாலாவது ஒரு ஆசை வரும்” என்றாள். அனுப்புகிறேன் என்றேன்.

அடுத்த வாரமும் கேட்டாள். நெட் கிடைக்கவில்லை என்றேன். அதற்கடுத்த வாரம் மறந்துவிட்டேன் என்றேன். அதன்பிறகு அவள் கேட்கவில்லை. வீடியோ என் போனிலேயே இருக்கிறது. பார்த்துப் பார்த்து அவளுக்கு மனசு கஷ்டப்படுமே என்ற இரக்கத்தால்தான் அனுப்பவில்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பொய். தினம் தினம் அதைப் பார்த்து, ஒருநாள் அவள் மகளும் நின்றுவிட்டால் என்ற பயம்.