என் குளியல் தண்ணீர் போன இடம்

ஆயக்குடியில் இருக்கும் எங்கள் கொய்யாத் தோப்பில் பாதியை வெட்டிவிட்டுச் சொகுசுக் கூடாரங்கள் போடுவது என்று என் வீட்டுக்காரர் முடிவு கட்டிவிட்டார். தோப்பு என் அப்பா எனக்கு எழுதிக் கொடுத்தது. என் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் நடக்காது. அதனால் என்னை மசிய வைக்க ராஜஸ்தானுக்குக் கூட்டிப்போனார். அங்கே பாலைவனத் தேசியப் பூங்காவை ஒட்டி ஒரு கூடார விடுதி.

கூடாரம் என்று பேர்தான். உள்ளே ஏசி, தொங்குவிளக்கு, நான் நீட்டிப் படுத்தாலும் மிச்சமிருக்கிற குளியல்தொட்டி. போதாததற்கு ரூம் ஸ்பிரே வாடை வேறு. தங்க வந்தவர்கள் மணலில் வெறுங்காலோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, ஈரக் காகிதத்தால் பாதத்தைத் துடைத்து அங்கேயே வீசினார்கள். இவருக்கோ வாயெல்லாம் பல்.

"ஏம்புள்ள, நம்ம தோப்புல இந்த மாதிரி பத்துப் போட்டா எப்படி இருக்கும்!"

எனக்கும் ஆசை விடவில்லை. தொட்டியை நிரப்பி, விடுதியில் வைத்திருந்த ரோஜா சோப்பை நுரைக்க நுரைக்கத் தேய்த்து அரைமணி நேரம் கிடந்தேன். பொய் சொல்வானேன், சுகமாகத்தான் இருந்தது.

எங்கள் பக்கத்தில் யார் தோட்டத்துக்குப் போனாலும் முதலில் கிணற்றை எட்டிப் பார்ப்போம். தண்ணீர் எப்படி நிற்கிறது என்று கேட்ட பிறகுதான் பிள்ளைகுட்டி நலமெல்லாம். அந்தப் பழக்கத்தில் மறுநாள் காலை விடுதிக்குப் பின்பக்கம் போனேன். கிணறு இல்லை. லாரித் தண்ணீர் ஒரு தொட்டியில் இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டி, குளியலறைக் குழாய்கள் எல்லாம் ஒரு பள்ளத்தில் திறந்து கிடந்தன. சாம்பல் நிறத்தில் தேங்கிய தண்ணீர், அதில் மயிரும் நுரையும். அந்த ஊர்ப் பெண் ஒருத்தி நாலு வெள்ளாடுகளை ஓட்டி வந்து அதில் குடிக்க விட்டாள். ஒரு ஆடு தலையைத் தூக்கியது. தாடியில் நுரை. அதன் மேல் அடித்தது அதே ரோஜா வாசம், என் கையிலும் இன்னும் போகாத வாசம். அந்த விடுதிக்காரன் மேல் வந்த அருவருப்பைவிட என் மேல் வந்ததுதான் அதிகம்.

ஓடிப்போய் இவரை இழுத்து வந்து காட்டினேன். இடுப்பில் கைவைத்து வெகுநேரம் பார்த்தார். மனசு மாறிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"வெவரங் கெட்ட பயலுக. பின்னால ஒரு செவுரு வெச்சுப்போட்டா யாருக்குத் தெரியும்? நாம மொதல்ல செவுத்தக் கட்டிருவோம்" என்றார்.

"ஏனுங்க, கையெழுத்துக் கெடையாதுங்க" என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று சிரித்தார். நான் போய்ப் பெட்டியைக் கட்டினேன். ஊர் வந்து சேரும்வரை குளிக்கவில்லை.