அருகம்புல் தின்ற குதிரை

குதிரை இலவசமாகத்தான் வந்தது. பந்தயத்தில் ஓடி முடித்த குதிரைகளை, வைத்துக்கொள்ள இடம் இருக்கிறது என்று சொன்னால் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். இடமும் தீவனமும்தான் சும்மா கிடைக்காது. இது எனக்கும் என் மகளுக்கும் தெரிந்தே இருந்தது. அப்போது அவள் வேளச்சேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தாள். நான் ஒரு செய்தித்தாளில் துணையாசிரியர். வீட்டில் இரண்டு சம்பளம் வந்தது. ஊருக்குத் தெற்கே ஒரு குதிரையேற்றப் பள்ளியில் லாயத்துக்கு வாடகை கட்டி அதை விட்டிருந்தோம். சனி, ஞாயிறுகளில் அவள் ஓட்டுவாள். நான் கூடப் போய் நிழலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பேன். பழுப்பு நிறப் பெண் குதிரை. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. நான் அதன்மேல் ஏறியதே இல்லை.

பிறகு மகளுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்தது. அவள் போன சில மாதங்களில் எங்கள் பத்திரிகை பக்கங்களைக் குறைத்தது. பக்கங்களோடு ஆட்களையும் குறைத்தது. கணவரும் நானும் பிரிந்து வெகு காலமாகிறது. ஆக, மந்தைவெளி வீட்டின் இரண்டாவது மாடியில் நான் ஒருத்தி, லாயத்தில் ஒரு குதிரை, பிழை திருத்தும் வேலை அவ்வப்போது கொஞ்சம்.

தினமும் காலையில் போய்க் குதிரையைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்புவேன். முற்பகலில் பதில் வந்துவிடும். அந்தப் படத்துக்கு மட்டும்தான் தவறாமல் பதில் வரும். மழை பெய்தது, பல் பிடுங்கினேன், மேல் வீட்டுக்காரர் காலி செய்துவிட்டுப் போய்விட்டார் என்றெல்லாம் எழுதினால் இரண்டு நாள் கழித்து ஒரு கட்டைவிரல் வரும். குதிரை போய்விட்டால் அந்த முற்பகல் பதிலும் போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. நான் செய்த சிக்கனம் எல்லாம் அதற்காகத்தான்.

முதல் சிக்கனம் இடம் மாற்றியது. சாந்தோமுக்குத் தெற்கே, கடற்கரைக் குடியிருப்புகளின் ஓரத்தில் ஒருவர் தகரக் கொட்டகையில் இரண்டு குதிரைகள் வைத்திருந்தார். மாலையில் பெசன்ட் நகர் கடற்கரையில் குழந்தைகளை ஏற்றிச் சவாரி விடுவார். முகூர்த்த நாட்களில் மாப்பிள்ளை அழைப்புக்குப் போவார். கொட்டகையில் இன்னொரு குதிரைக்கு இடம் இருந்தது. பள்ளியில் கட்டியதில் சிறு பங்கு வாடகைக்கு ஒப்புக்கொண்டார். முதல் வாரம் என்னை மேடம் என்றார். நானே சாணம் அள்ளுவதைப் பார்த்த பிறகு அக்கா என்றார்.

இரண்டாவது, லாடம். பந்தயக் குதிரைக்குப் பழக்கம் என்று நான்கு காலுக்கும் அடித்துக்கொண்டிருந்தோம். மணலில் நிற்கும் குதிரைக்கு எதற்கு என்று பின்னங்கால்களுக்கு விட்டுவிட்டேன். பிறகு முன்னங்கால்களுக்கும். பாக்கெட் தீவனத்தை நிறுத்திவிட்டுக் கொள்ளும் கோதுமைத் தவிடும் வாங்கினேன். நக்குவதற்கு வெளிநாட்டு உப்புக்கட்டிக்குப் பதில் ஒரு தொட்டியில் கல்லுப்பு. படுக்கைக்கு வைக்கோல் விலை ஏறியபோது வீட்டில் அடுக்கியிருந்த பழைய செய்தித்தாள்களைக் கிழித்துக் கொண்டுபோய்ப் பரப்பினேன்.

"இன்னாக்கா, பேப்பரப் போட்டுக்கினு கீற? குதிர படிக்கப் போவுதா?" என்றார் கொட்டகைக்காரர்.

"வேற யாரும் படிக்கிறதில்ல" என்றேன்.

"கொலக் கேஸ் இருக்கற பக்கத்த அதுக்குப் போடாத. மெரண்டுக்கும்."

அவருக்கு என் சிக்கனங்கள் வேடிக்கையாக இருந்தன. அவர் சொன்ன வழி ஒன்றுதான். "ஞாயித்துக்கெழம மட்டும் பீச்சுக்கு வுடுக்கா. நாலு புள்ளைங்கள ஏத்திக்கினு வரட்டும். அது சோத்த அதுவே சம்பாரிச்சுக்கும்."

"என் பொண்ணு ஒத்துக்க மாட்டா."

"பொண்ணு எங்க கீது?"

"ஜெர்மனியில."

"அங்கேர்ந்து எட்டிப் பாக்குதா?"

ஓடுவதற்கென்று பிறந்த குதிரை, ஐஸ்கிரீம் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது என்று மகள் ஒருமுறை சொல்லியிருந்தாள். அது ஒன்றுதான் அவள் என்னிடம் விட்டுப்போன நிபந்தனை.

எல்லாவற்றிலும் பெரிய செலவு பச்சைப்புல். கட்டுக் கட்டாகத் தின்னும். வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சிறிய பிள்ளையார் கோயில் இருக்கிறது. ஒரு நாள் காலையில் அதன் வாசலில், முந்தைய நாள் சாத்திய மாலைகள் ஒரு சாக்கில் கிடந்தன. பாதிக்கு மேல் அருகம்புல். மைதானங்களில் குதிரை குனிந்து மேய்வது அதே புல்தான். உள்ளே போய்க் குருக்களிடம் கேட்டேன்.

"குதிரைக்கா?" என்று ஒருமுறை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பேஷா எடுத்துண்டு போங்கோ. இங்க கிடந்தா கார்ப்பரேஷன் வண்டிதான். வாயில்லா ஜீவன் சாப்பிட்டா நல்லதுதானே."

அன்று முதல் என் மாலைப்பொழுதுகளுக்கு ஒரு வேலை கிடைத்தது. பால்கனியில் பழைய வேட்டியை விரித்து மாலைகளைக் கொட்டுவேன். கத்தரிக்கோலால் நூலை வெட்டி உருவி எடுப்பேன். முன்பெல்லாம் வாழைநாரில் கட்டுவார்கள். இப்போது பெரும்பாலும் பச்சை நைலான் நூல். பிள்ளையாருக்கு எருக்கம்பூவையும் சேர்த்துக் கட்டுவார்கள். எருக்கு குதிரைக்கு ஆகாது. ஒவ்வொரு பூவாகப் பொறுக்கிவிடுவேன். சாமந்தி, குங்குமம் பட்ட புல், வாடியது எல்லாம் போக மிச்சத்தை அலசி, ஈரத்துணியில் சுற்றி வைப்பேன். இருபத்தைந்து வருடம் அலுவலகத்தில் செய்ததும் ஏறக்குறைய இதுதான். ஆகாததை எடுத்துவிட்டு ஆவதை விடுவது. வானொலியைச் சின்னதாக வைத்துக்கொண்டு செய்வேன். முடிக்கும்போது எதிர்வீட்டு ஜன்னல்களில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

அந்தக் கோயில் போக இன்னும் இரண்டு கோயில்களில் கேட்டு வைத்தேன். புல் செலவு பாதியானது. குதிரை பளபளப்பாகவே இருந்தது. இப்படியே சமாளித்துவிடலாம் என்று நம்ப ஆரம்பித்திருந்தேன்.

விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் மூன்று கோயில்களிலும் சேர்த்து மூன்று சாக்கு நிறைய மாலைகள் கிடைத்தன. அவற்றை இரண்டு மாடி தூக்கிக்கொண்டு போக என்னால் முடியாது. ஆட்டோ பிடித்து நேரே கொட்டகைக்குப் போனேன். அங்கேயே உட்கார்ந்து பிரிக்கலாம் என்று எண்ணம். ஒரு சாக்கைத் தரையில் கவிழ்த்தேன்.

கொட்டகைக்காரர் ஓடி வந்தார். அதுவரை நான் உதிரிப் புல்லைத்தான் கொண்டுவருவேன். மாலையாக அவர் பார்த்ததில்லை.

"இன்னாக்கா, சாமி மாலையக் கீழ கொட்டிக்கினு கீற? கால் படும்க்கா."

"நூலை எடுத்துட்டுத்தான் போடணும். இங்க உக்காந்து எடுத்துடறேன்."

"எடு. யாரு வேணான்றது? கீழ மட்டும் வேணாம்."

சேணமும் கடிவாளமும் மாட்டும் ஆணிகள் சுவர் நெடுக இருந்தன. மாலைகளைத் தூசு தட்டி ஒவ்வொன்றாக அவற்றில் மாட்டினார். மூன்று குதிரைகளின் நெற்றியிலும் குங்குமம் வைத்தார். என் குதிரையின் கழுத்தில் இருப்பதிலேயே பெரிய மாலையைப் போட்டார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். கழுத்து மாலையை நானே கழற்றிப் பக்கத்து ஆணியில் மாட்டினேன். டீ குடித்துவிட்டு வந்து ஆரம்பிக்கலாம் என்றார். போனோம். கடையில் கூட்டம். தெருமுனைப் பிள்ளையாருக்கு வசூல் செய்தவர்களுக்குள் ஏதோ சண்டை. அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டோம்.

திரும்பி வந்தபோது என் குதிரையின் பக்கத்துச் சுவரில் ஆணிகள் மட்டும் இருந்தன. அதன் கடைவாயில் ஒரு எருக்கம்பூ ஒட்டிக்கொண்டிருந்தது. கால் படாத உயரம் என்று அவர் பார்த்தார். வாய் எட்டும் உயரமா என்று நான் பார்க்கவில்லை.

பகல் உணவு நேரத்துக்கெல்லாம் ஆரம்பித்துவிட்டது. முன்னங்காலால் தரையைப் பறித்தது. தலையைத் திருப்பித் தன் வயிற்றையே பார்த்தது. படுத்தது, எழுந்தது, மறுபடி படுத்து உருளப் பார்த்தது. காலையிலிருந்து சாணம் போடவில்லை. குதிரைக்கு வாந்தி வராது. உள்ளே போனது மறுபக்கம்தான் வர வேண்டும்.

கால்நடை மருத்துவர் வந்து ஊசி போட்டார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் ஊற்றினார். நாங்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். "நூலா இருக்கலாம், பூவா இருக்கலாம், ஒரேயடியா தின்ன புல்லாவும் இருக்கலாம். இப்ப சொல்ல முடியாது. உருள விடாதீங்க, குடல் முறுக்கிக்கும். மெதுவா நடத்துங்க. சாணி போட்டா போன் பண்ணுங்க."

"போடலேன்னா?"

"அப்பவும் பண்ணுங்க."

நடத்தினோம். கொட்டகையிலிருந்து மணல் வரைக்கும், மணலிலிருந்து கொட்டகை வரைக்கும். கொஞ்ச தூரம் அவர், கொஞ்ச தூரம் நான். மீன் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த ஒரு பெண், "இன்னாம்மா, குதிரைய வாக்கிங் கூட்டிக்கினு போறியா? டாக்டரு அதுக்குமா சொல்லிட்டாரு?" என்றார். திரும்பி வரும்போது குதிரையின் முகத்தைப் பார்த்துவிட்டு கூடையை இழுத்து வழி விட்டார்.

நடந்துகொண்டிருந்தபோதுதான், அன்று வழக்கத்தைவிடத் தாமதமாக, மகளின் பதில் வந்தது. ஒரு சிவப்பு இதயம். "மாலை சூப்பர்மா. அழகா இருக்கா." படித்துவிட்டுக் கைப்பேசியைப் பையில் போட்டேன். குதிரையின் கழுத்து வேர்த்து நனைந்திருந்தது. நான் அதனிடம் பேசிக்கொண்டே நடந்தேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. அன்றைக்குப் பேசியதுதான் அந்த மாதத்திலேயே நான் அதிகம் பேசியது என்பது மட்டும் வீட்டுக்கு வந்த பிறகு, தொண்டை கட்டியிருந்ததால், தெரிந்தது.

வெயில் இறங்கியபோது கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. வாலைத் தூக்கியது. விழுந்ததைக் கொட்டகைக்காரர் ஒரு குச்சியால் கிளறினார். அதற்குள் பச்சை நூல் சுருண்டு கிடந்தது.

"வந்துச்சுக்கா" என்று மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு தெருமுனைப் பந்தல் இருந்த திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இனிமேட்டு அவரு மால அவருக்கே இருக்கட்டும்."

பல மாதங்களாக லாடத்திலும் தவிட்டிலும் மிச்சம் பிடித்ததெல்லாம் அந்த ஒரு பிற்பகலில் போனது. மருத்துவர் இன்னும் இரண்டு நாள் வர வேண்டும் என்றார். இனி என்னால் முடியாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதை மகளிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. மறுநாள் அவள் எழுந்திருக்கும் நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். நடந்ததைச் செய்தி சொல்வது போலச் சொன்னேன். கடைசியில், ஞாயிற்றுக்கிழமைகளில் சவாரிக்கு விடுவதைத் தவிர வேறு வழியில்லை என்றேன்.

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் ஓசை மட்டும் கேட்டது.

"அம்மா, நான் ஒண்ணு சொன்னா கோச்சுக்காத. நீ யாருக்காவது குடுத்துடுவேன்னுதான் நான் நெனச்சுட்டு இருந்தேன். போன வருஷமே."

"நீதானே பீச்சுக்கு விடக் கூடாதுன்னே?"

"அது எப்பவோ சொன்னது. நான் அங்க திரும்பி வர மாட்டேம்மா. வந்தாலும் குதிரையெல்லாம் வச்சுக்கப் போறதில்ல."

"பின்ன தினமும் கேட்டியே."

"நான் எங்க கேட்டேன்? நீ தினமும் அனுப்பினியே. பதில் போடாம எப்படி இருக்கறது?"

அவள் குரலில் கோபம் இல்லை. அக்கறையோடுதான் சொன்னாள். அலுவலகத்துக்கு நேரமாகிறது, சாயங்காலம் பேசுகிறேன் என்றாள். சரி என்றேன். சாயங்காலம் அவள் கூப்பிடவில்லை. நானும் எதிர்பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன்.

குதிரை தேறியது. மூன்றாவது ஞாயிறு அதைப் பெசன்ட் நகர் மணலுக்குக் கொண்டுபோனோம். பலூன், சோளம் சுடும் புகை, குழந்தைகளின் கூச்சல். குதிரை காதை விறைத்துக்கொண்டு நின்றது. கொட்டகைக்காரர் இழுத்தும் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை.

"நீ முன்னாடி நடக்கா" என்றார். "அது உன் பின்னாலதான் வரும்."

நடந்தேன். வந்தது. ஒரு சிறுமியை ஏற்றினார். படகுகள் வரைக்கும் போய்த் திரும்பினோம். அடுத்து ஒருவர் மகனைத் தூக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்து, "ஒரு ரவுண்டு எவ்ளோம்மா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. திரும்பிக் கொட்டகைக்காரரிடம் கேட்டு, அவர் சொன்னதைச் சொன்னேன்.

"ஜாஸ்தியா இருக்கே. கொறச்சுக்கக் கூடாதா?"

"கொள்ளு என்ன விலை விக்குதுன்னு தெரியுமா சார்?" என்றேன்.

அவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பையனைச் சேணத்தின் மேல் உட்கார வைத்தார். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு படகுகள் இருந்த பக்கம் திரும்பினேன்.