மிச்சம் இரண்டு சொற்கள்

என் வேலைப் பையின் முன்னறையில் ஓர் அட்டை கிடக்கிறது. உள்ளங்கை அளவுதான். பிளாஸ்டிக் உறை ஒட்டியது. ஒரு மூலை மழையில் ஊறிப் பிரிந்துவிட்டது. அதில் ஜெர்மன் மொழியில் ஐந்து சொற்கள் அச்சிடப்பட்டிருக்கின்றன: மேசை, எலுமிச்சை, ஏணி, குதிரை, போர்வை. தலையில் அடிபட்ட ஆட்டக்காரரை மைதானத்தின் ஓரத்துக்கு அழைத்து வந்து இந்த ஐந்தையும் வாசித்துக் காட்டுவோம். சிறிது நேரம் வேறு கேள்விகள் கேட்டுவிட்டு, அந்த ஐந்தையும் திருப்பிச் சொல்லச் சொல்வோம். சீசன் தொடங்குமுன், நல்ல தலையோடு இருந்தபோது எத்தனை சொன்னாரோ அதோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். குறைந்திருந்தால் அன்றைக்கு அவருக்கு ஆட்டம் இல்லை. இப்போது நான் முழங்கால் மாற்றிக்கொண்ட முதியவர்களுக்கு நடை பழக்குகிறேன். அந்த வேலைக்கு இந்த அட்டை தேவையில்லை. இருந்தும் எறியவில்லை.

அண்ணை என்று நான் சொல்வது பெரியம்மாவின் மகனை. பீலெஃபெல்டில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அவர்கள் வீடு. சின்ன வயதிலேயே கதவை நிறைத்து நிற்கிற உடம்பு அவருக்கு. பள்ளிக்கூடத்தில் ஜெர்மன் பிள்ளைகள் கேலி செய்தார்கள் என்றால், தமிழ்ச் சங்கத்து விழாக்களில் நம்மவர்கள் அதைவிட நன்றாகச் செய்தார்கள். சாப்பாட்டு வரிசையில் அவர் சோற்றுக் கோப்பையை நீட்டும்போது சிரிக்காத ஆளில்லை. பிறகு ஒரு நாள், அதே உடம்புக்குச் சம்பளம் கொடுக்க ஒரு கிளப் முன்வந்தது. கொலோனுக்குப் பக்கத்து நகரம் ஒன்றின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி. சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள் என்று எழுதத்தான் ஆசை. அவர்கள் மூடவில்லை, எப்போது கல்யாணம் என்று கேட்கத் தொடங்கினார்கள், அவ்வளவுதான். பெரியம்மாவுக்கோ அந்த விளையாட்டின் பெயரே பிடிக்கவில்லை. "பந்தைக் கையில வச்சுக்கொண்டு ஓடிப்போட்டு அதுக்கு ஃபுட்பால் எண்டு பேர் வச்சிருக்கிறாங்கள்" என்பார். பத்து வருடத்தில் ஒரு ஆட்டத்துக்கும் அவர் போனதில்லை. மகனின் வெள்ளை உடுப்பிலிருந்து புல் கறையை எடுக்க மட்டும் விதவிதமான தூள் வாங்கி வைத்திருந்தார்.

அண்ணை நின்ற இடம் ஒருவரும் பார்க்காத இடம். ஐந்து பெரிய மனிதர்கள் சுவர்போல் வரிசையாகக் குனிந்து நிற்பார்கள். நடுவில் நிற்கிற அண்ணை தரையிலுள்ள பந்தைக் கால்களுக்கிடையால் பின்னால் கொடுப்பார். கொடுத்த கையை நிமிர்த்துமுன் எதிரே நிற்பவன் வந்து தலையோடு தலை மோதுவான். பந்து போன திசையில்தான் எல்லோருடைய கண்ணும் போகும். நான் அணியின் உடற்பயிற்சிச் சிகிச்சையாளராகச் சேர்ந்த முதல் வருடம்தான், பந்தைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆட்டத்தில் அந்த மோதல் அறுபது எழுபது தடவை நடக்கிறது. ஒன்றும் பெரிய அடியில்லை, எல்லாம் சின்ன அடிகள். ஹெல்மெட்டின் நெற்றிப் பக்கம் மட்டும் சீசன் முடிவில் சுரண்டிய சட்டிபோல் ஆகியிருக்கும்.

நான் சொல்லப்போகிற சீசனுக்கு முந்தைய சீசனில் அவருக்கு ஒரு தடவை தலையில் அடிபட்டது. ஐந்து சொல்லில் இரண்டுதான் சொன்னார். மூன்று வாரம் உட்கார வைத்தார்கள். அந்த மூன்று வாரத்தில் அவருடைய இடத்தில் நின்றவன் பந்தைப் பின்னால் நின்றவனின் தலைக்கு மேலால் எறிந்தான், நாங்கள் இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை. அணிக்குள் யாரும் வாய்விட்டுக் குற்றம் சொல்லவில்லை. அண்ணைதான் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டார். அவருக்கு முப்பத்து நான்கு வயது. வருகிற சீசனுக்குப் பிறகு ஒப்பந்தம் கிடையாது என்று பயிற்சியாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஒரே ஒரு சீசன், ஒரு ஆட்டமும் விடாமல் முழுசாக விளையாடி முடிக்க வேண்டும், அதற்குப் பிறகு எது வந்தாலும் வரட்டும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் அணியில் பழைய ஆட்டக்காரர்கள் புதியவர்களுக்கு உடைமாற்றும் அறையில் மெதுவாகச் சொல்லிக் கொடுப்பது: சீசன் தொடங்குமுன் நடக்கிற சோதனையில் கெட்டிக்காரத்தனம் காட்டாதே. நல்ல தலையோடு இருக்கும்போதே மூன்று சொல் மட்டும் சொல்லிவை. பிறகு அடிபட்டு மூன்று சொன்னாலும் உனக்கு அது வழக்கம்தான் என்று விட்டுவிடுவார்கள். எனக்கு இது தெரியும். மருத்துவருக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த வருடம் ஏப்ரலில் அண்ணையின் முறை வந்தது. மருத்துவர் பக்கத்து மேசையில் இன்னொருவனின் தோளைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் அட்டையை வாசித்தேன், கேட்க வேண்டியதைக் கேட்டேன், பிறகு ஐந்தையும் கேட்டேன். அண்ணை நிதானமாக மேசை, எலுமிச்சை, குதிரை என்று சொல்லி நிறுத்தினார். பிறகு, அம்மா சுகமா என்று விசாரிக்கிற அதே குரலில், தமிழில் சொன்னார்: "எனக்கு அஞ்சும் தெரியும். நீ மூண்டெண்டே எழுது."

நான் தலையை நிமிர்த்தவில்லை. இது பிழை அண்ணை, என்னால் ஏலாது என்று தமிழில் முணுமுணுத்தேன். "ஒரு சீசன் தானே. உன்னட்டை வேற என்ன கேட்டனான்?" என்றார். உண்மைதான். அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. எனக்கு அந்த வேலை கிடைத்ததே அவர் சொன்ன ஒரு சொல்லால்தான். நான் மூன்று என்று எழுதினேன். மருத்துவர் இந்தப் பக்கம் திரும்பி, வீட்டுச் செய்தியா என்று சிரித்தபடி கேட்டார். ஆம் என்றேன். எங்கள் தமிழ் அங்கே ஒருவருக்கும் விளங்காது என்பது அதுவரை எனக்கு ஒரு சந்தோஷமாக இருந்தது.

சீசன் மோசமாகத் தொடங்கியது. முதல் நான்கு ஆட்டங்களிலும் தோற்றோம். அமெரிக்காவிலிருந்து வந்த பந்தெறிபவன் தோள் கழன்று திரும்பிப் போனான். மழை விட்டபாடில்லை. உடைமாற்றும் அறையில் எந்நேரமும் ஈரச் சப்பாத்து மணம். ஆனால் ஜூலையில் ஏதோ பிடிபட்டது. ஒன்று வென்றோம், பிறகு இன்னொன்று, பிறகு வெல்வதே வழக்கமாயிற்று. அண்ணை ஒரு ஆட்டமும் விடவில்லை. வியாழக்கிழமைகளில் அவருடைய கழுத்தை நான் அமுக்கிவிடும்போது வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று லைட்டை அணைக்கச் சொல்வார். ஒரு தடவை கிளப்பின் வாகனத் தரிப்பிடத்தில் தன் காரைத் தேடி இரண்டு சுற்று நடந்தார். நான் பார்த்தேன். வயதாகிறது என்று கேலி செய்தேன். அவரும் சிரித்தார். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவள் இல்லை நான். அந்தக் கோடையில் மட்டும் நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில். வென்றால் இறுதிச் சுற்று, தோற்றால் எல்லாம் முடிந்தது. மகனின் கடைசி வருடம் என்பதால் பெரியம்மா அன்றைக்கு முதல் தடவையாக வந்தார். ஆகஸ்ட் வெயிலில் கம்பளிச் சால்வையும் போட்டுக்கொண்டு, அணிக்கென்று பொரித்த றோல்ஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான்காவது வரிசையில் இருந்தார். ஒவ்வொரு மோதலுக்கும் கண்ணை மூடிக்கொண்டார் என்று பிறகு பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

மூன்றாவது கால்பகுதியில் அண்ணை எழும்பப் பிந்தினார். அவ்வளவுதான் நடந்தது. விழுந்தவர் கையை ஊன்றி, கொஞ்சம் யோசித்து, எழும்பினார். நடுவர் அவரை வெளியே அனுப்பினார். மருத்துவர் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். அண்ணை நின்றார். நான் அட்டையை வாசித்தேன். பெரிய நேரக்காட்டி ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் மூன்று புள்ளி பின்னால் நின்றோம். ஐந்தையும் திருப்பிக் கேட்டபோது அவர் மேசை என்றார், எலுமிச்சை என்றார். நீண்ட இடைவெளி விட்டுக் குதிரை என்றார். மருத்துவர் என் கையிலிருந்த பழைய தாளைப் பார்த்தார். அதிலும் மூன்று.

அப்போது அண்ணை என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டார்: "மிச்சம் ரெண்டும் என்ன?"

அவர் நடிக்கவில்லை. பகிடிக்காகவும் கேட்கவில்லை. வழி தெரியாமல் நிற்கிற ஆள் கேட்கிற மாதிரி, மரியாதையோடு கேட்டார். மருத்துவர் என் பக்கம் திரும்பி, என்ன சொல்கிறார் என்று கேட்டார். எனக்கு இருந்தது ஒரு மூச்சு விடுகிற நேரம். ஏப்ரலில் இவருக்கு ஐந்தும் தெரியும், நான்தான் பொய் எழுதினேன் என்று சொன்னால் என் வேலை போகும். அவருடைய சீசன் போகும். அணியும் போகும். இந்த ஒழுங்கில்தான் அவை என் மனதில் வந்தன, என் வேலைதான் முதலில் வந்தது. இதை யாரிடமும் நான் சொன்னதில்லை.

"அம்மா வந்துவிட்டாரா என்று கேட்கிறார்" என்று மருத்துவருக்கு ஜெர்மன் மொழியில் சொன்னேன்.

மருத்துவரின் முகம் இளகியது. நான்காவது வரிசையைக் காட்டி, அதோ இருக்கிறார், போய் விளையாடு என்று அண்ணையின் முதுகில் தட்டினார். அண்ணை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனார். ஏழு தடவை பந்தைச் சரியாகக் கொடுத்தார். தலை மறந்ததைக் கை மறக்கவில்லை. எட்டாவது தடவை எழும்பவில்லை. அந்த ஆட்டத்தில் நாங்கள் வென்றோம் என்று மறுநாள்தான் எனக்குத் தெரிய வந்தது.

மூளைக்குள் இரத்தம் கசிந்திருந்தது. மண்டையைத் திறந்தார்கள். பல நாட்கள் கண் விழிக்கவில்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பெரியம்மா ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். அழவில்லை. றோல்ஸ் பெட்டி அப்போதும் அவருடைய காலடியில் இருந்தது. கிளப் மருத்துவர் வந்து அவருக்கு முன்னால் குந்தியிருந்து, எளிய ஜெர்மன் மொழியில் மெதுவாகச் சொன்னார்: உங்கள் மகன் அந்த நேரத்திலும் உங்களைத்தான் கேட்டார், அம்மா வந்துவிட்டாரா என்று. பெரியம்மா அதைக் கேட்டபிறகுதான் அழுதார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னட்டைத்தான் கேட்டவனோ?" என்றார். ஓம் என்று தலையாட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். மறைத்தது கூடப் பெரிதில்லை, நான் மறைக்கப் போட்ட சோற்றையே அவர் உண்டு உயிர் வாழத் தொடங்கினார்.

அது நடந்து ஐந்து வருடம். கிளப்பிலிருந்து நானாகவே விலகினேன். ஒருவரும் என்னை எதுவும் கேட்கவில்லை. தாளில் எல்லாம் சரியாக இருந்தது. அண்ணை இப்போது பீலெஃபெல்டில் பெரியம்மாவோடு இருக்கிறார். நடப்பார், சிரிப்பார், பழைய ஆட்டங்களின் புள்ளிகளை ஒன்றுவிடாமல் சொல்வார். சாப்பிட்டாரா என்பது மட்டும் தெரியாது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் பெரியம்மா தடித்த எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்: மத்தியானம் சாப்பிட்டாச்சு. சாப்பிட்டதும் ஒட்டுவார், மாலையில் கழற்றுவார். சிகிச்சைக்கு நாள் குறித்துக் கொடுக்கிற டெர்மீன் ஒவ்வொன்றுக்கும் மகனைக் கையில் பிடித்துக் கூட்டிப் போகிறார். கோவிலில் புதிதாக யாரைக் கண்டாலும் அந்தக் கதையைச் சொல்கிறார்: "அவ்வளவு அடி பட்டும் என்னைத்தான் கேட்டவன்."

போன மாதம் கோவிலில் அதை அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். கேட்டுக்கொண்டிருந்த பெண்ணின் கண் கலங்கியது. இனி ஏலாது, வருகிற ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். ரயிலில் போகும்போது சொல்ல வேண்டியதை மனதில் ஒழுங்குபடுத்திக்கொண்டே போனேன்.

மத்தியான நேரம். பெரியம்மா சமையலறையில் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தார், புகையை இழுக்கிற விசிறி இரைந்துகொண்டிருந்தது. அண்ணை என் பையைப் பார்த்து, வழக்கம்போல, "கார்டை எடு" என்றார். என் பெயர் சில நாட்கள் அவருக்கு வராது, அட்டை பையின் எந்த அறையில் இருக்கிறது என்பது மட்டும் எப்போதும் தெரியும். நான் ஐந்தையும் வாசித்தேன். மழை பற்றியும் பக்கத்து வீட்டு நாய் பற்றியும் பேசினோம். பிறகு கேட்டேன். மேசை என்றார். எலுமிச்சை என்றார். குதிரை என்றார். விரல்களை மடக்கிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்து, மரியாதையோடு, "மிச்சம் ரெண்டும் என்ன?" என்று கேட்டார்.

விசிறி இரைச்சலில் பெரியம்மாவுக்கு அது விளங்கவில்லை. அகப்பையோடு வாசல்வரை வந்து எட்டிப் பார்த்தார். "என்ன பிள்ளை, என்ன கேக்கிறான்?"

ரயிலில் ஒழுங்குபடுத்தியதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"உங்களைத்தான் கேக்கிறார், பெரியம்மா" என்றேன்.

அவர் அடுப்பைக் குறைத்துவிட்டு, கையைச் சீலையில் துடைத்தபடி வந்து மகனின் தலையில், தழும்பு உள்ள பக்கத்தில், கையை வைத்தார். "நான் இஞ்சதானே நிக்கிறன், அப்பன்" என்றார். அண்ணை அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மிச்சம் இரண்டுக்காக இன்னும் காத்துக்கொண்டிருந்தார். நான் அட்டையைப் பையின் முன்னறையில் வைத்து மூடினேன்.