சாம்பலில் பதிந்த கால்

பிறந்த குழந்தையின் வீட்டைச் சுற்றிச் சாம்பல் தூவுவது மூடநம்பிக்கை என்கிறீர்களா? சரி. ஊரார் வணங்கிய கல்லைத் தூக்கிப்போய், 'சாத்தான் உருவம். பாதிரியாரின் அன்பளிப்பு' என்று பலகை எழுதிக் காட்சிக்கு வைத்திருப்பது எந்தப் பகுத்தறிவு?

மெக்சிகோவின் ஓஹாக்கா மலையில் எங்கள் ஊர் மக்காச்சோள மில்லை நடத்துபவள் நிசெஃபோரா. மில் ஓயும் நேரமெல்லாம் வீடியோ எடுப்பாள். பட்டணத்து அருங்காட்சியகத்தில் அப்படிப் பலகையோடு இருக்கும் எங்கள் கல்புலியை ஊருக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அதற்காகவே ஒரு படம் எடுக்கக் கிளம்பினாள்.

குழந்தையின் வீட்டைச் சுற்றித் தூவிய சாம்பலில் முதலில் எந்தத் தடம் பதிகிறதோ, அந்த உயிர்தான் அதற்கு ஆயுள்துணை என்பது எங்கள் வழக்கம். நிசெஃபோராவுக்கு வான்கோழி. அருங்காட்சியகத்தில் படமெடுக்க அனுமதி வாங்கிக்கொண்டு, புலியைச் சுற்றி அவள் சாம்பல் தூவினாள். சாம்பலருகே செருப்பு ஆகாது, கழற்றி வைத்தாள்.

காவலாளி ஒடிலோனும் எங்கள் மலைக்காரர்தான். "ஏ வான்கோழி, மாவரைக்க வேற இடமா இல்ல?"

"சாம்பல்ண்ணே. புலிக்கும் ஒரு துணை வேணாமா?"

"இங்க எலிதான் வரும். என் வேலைக்கு உலை வெச்சிராத, தாயி."

முற்றத்துப் புறா வரும் என்று காத்திருந்தாள். சன்னல் வெயிலில் சாம்பல் துகள் மெல்லச் சுழன்றது. புலி மூச்சுவிடுவதுபோல் இருந்தது. அந்த மயக்கத்தில், சாய்ந்த கேமராவை நிமிர்த்தப் போனவள் சாம்பலில் கால் வைத்துவிட்டாள்.

"அய்யோ! அழிச்சிட்டு மறுபடி தூவட்டுமாண்ணே?"

"முதல் தடத்த யாராச்சும் அழிப்பாங்களா? போ போ, புலிக்கு நீதான் துணை."

மில் கதவுகளைச் சாத்தி ஊருக்குப் படம் காட்டினாள். மிதக்கும் மாவுத்தூசியில் ஒளி விழ, புலி சுவரைவிட்டு இறங்கி எங்கள் முகங்களின்மேல் நடந்தது. கால் பதிந்ததும் ஒரே சிரிப்பு. பிறகு ஊர்த்தலைவி பெர்ப்பேத்துவா எழுந்தாள்.

"சிரிச்சது போதும். பதிஞ்சது மனுஷக் கால். சாத்தானுக்கு மனுஷியா துணையா வருவா? அந்தப் புலி நம்ம புள்ள. நாமதான் கேக்கணும்."

ஊரே கைநாட்டு வைத்து அருங்காட்சியகத்துக்கு மனு அனுப்பியது. 'உரிமைக்குச் சான்று இல்லை' என்று பதில் வந்தது. திருடியவனிடம் ரசீது கேட்க மாட்டார்களாம். பறிகொடுத்தவன்தான் காட்ட வேண்டுமாம்!

நிசெஃபோரா அடுத்த மனு எழுதிக்கொண்டிருக்கிறாள். அதற்கடியில் இடம் விட்டிருக்கிறோம். உங்கள் பெயரையும் எழுதுங்கள்.