இடப்பக்க ஸ்டியரிங்

எங்கள் மாமாவுக்கு மனிதர்களின் வயது சொல்லத் தெரியாது. எனக்கு ஒன்பது முடிந்த பிறகும் "இப்ப என்ன, ஏழோ?" என்று கேட்டவர் அவர். ஆனால் மெல்பேர்னின் டண்டினொங் பெருந்தெருவில் ஒரு மஸ்டாங் கார் போனால், அதன் பின்விளக்கு மறைவதற்குள் அது எந்த ஆண்டுக் கார் என்று சொல்லிவிடுவார். அமெரிக்கக்காரன் அந்தக் காருக்கு ஒரே பெயரை வைத்துக்கொண்டு உடம்பை மட்டும் மாற்றிக்கொண்டே போகிறான் என்பது அவருடைய ஓயாத பேச்சு.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கலியாணம் ஆகாதவர். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்திறங்கும் கார்களின் ஸ்டியரிங்கை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றுகிற ஒரு கராஜில் மெக்கானிக்காக இருந்தார். அப்படி மாற்றாத காரை மெல்பேர்ன் ரோட்டில் ஓட விடமாட்டார்கள். எழுபத்துநாலாம் ஆண்டு குளிர் தொடங்கிய நேரம், தனக்கென்று ஒரு அறுபத்தேழாம் ஆண்டு மஸ்டாங்கை வாங்கி, லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் வீட்டுக் கார் கொட்டிலுக்குள் இறக்கினார். இனி அவருக்கு நேரம் கிடைக்கும்போதெல்லாம் வந்து ஸ்டியரிங்கை மாற்றுவாராம். அப்பாவின் ஜப்பான் கார் அன்றிலிருந்து வெளியே மழையில் நின்றது. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டார். மச்சான் ஆயிற்றே, என்ன செய்வது.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் மாமாவின் பிரசங்கம். மஸ்டாங் என்றால் காட்டுக்குதிரையாம். முதல் வந்தது ஒல்லியாம், காற்றில் பறக்கிற மாதிரியாம். அறுபத்தேழில் பெரிய இஞ்சினை வைக்க வேண்டுமென்று மூக்கையும் இடுப்பையும் அகலமாக்கினார்களாம். அதுதான் அழகின் உச்சம், அதுதான் எங்கள் கொட்டிலுக்குள் நிற்பது. அறுபத்தொன்பதில் இன்னும் நீட்டி, முகத்தில் நாலு விளக்கு வைத்தார்கள். எழுபத்தொன்றில் வள்ளம் மாதிரி ஆக்கி, பின்கண்ணாடியைப் படுக்கப் போட்டார்கள், பின்னால் ஒரு சாமானும் தெரியாது. இப்போது பெற்றோல் விலை ஏறிவிட்டதென்று ஒரேயடியாகச் சுருக்கி, பெரிய இஞ்சினையும் கழற்றிவிட்டார்கள். இதைச் சொல்லும்போது மாமா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். "குதிரையெண்டு பேர் வைச்சுப்போட்டு ஆட்டுக்குட்டியை விக்கிறான், அக்கா!"

அம்மா அவருக்கு இன்னொரு அகப்பை சோறு போட்டார். "பேர் மாறேல்லை, இடுப்பு மட்டும் வருசா வருசம் பெருத்துதெண்டால், இடையிலை எத்தினை பிள்ளை பெத்ததாம்?" என்று கேட்டார். அப்பாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

சாப்பிட்டு முடிய எல்லோரும் கார் பார்க்கப் போனோம். மாமா கதவுகளைத் திறந்துவிட்டார். அம்மா வழக்கம்போல இடப்பக்கம் போய் ஏறி உட்கார்ந்தார். அவுஸ்திரேலியாவில் இடப்பக்கம் என்பது பெண்சாதி இருக்கிற பக்கம்தானே. உட்கார்ந்தால் நெஞ்சுக்கு நேரே ஸ்டியரிங்! அப்பா கைதட்டிச் சிரித்தார், நானும் சிரித்தேன். அம்மாவும் சிரித்துக்கொண்டே இறங்கப் போனவர், இறங்கவில்லை. இரண்டு கையாலும் அதைப் பிடித்துப் பார்த்தார். பிறகு கண்ணாடி வழியாக, எங்கள் கொட்டிலின் மூடிய கதவை, ஏதோ நீளமான ரோட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கு அந்த நாட்களில் ஒரே ஒரு ஆசை இருந்தது. யாழ்ப்பாணத்தில் அவர் ரீச்சராக இருந்தவர். இங்கே வந்ததிலிருந்து சமையலும் குசினியும்தான். டண்டினொங்குக்கு அப்பால், பஸ்ஸும் ரயிலும் போகாத ஓரிடத்தில் இருந்த ஒரு பாலர் பள்ளிக்கு உதவி ஆசிரியை தேவைப்பட்டார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். தலைமை ஆசிரியைக்கு அம்மாவைப் பிடித்துவிட்டது. காலை எட்டு மணிக்கு வந்து சேர முடியுமென்றால் அடுத்த தவணையிலிருந்து வரலாம் என்றாள். அப்பாவோ ஏழு மணிக்கே தொழிற்சாலையில் இருக்க வேண்டியவர். ஆக, அம்மாவுக்குக் கார் ஓடத் தெரிந்தால் வேலை, தெரியாவிட்டால் குசினி.

மாமாவுக்கு உடனே மூளை வேலை செய்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு இத்தாலிக்காரரின் கோவாத் தோட்டம், அதாவது முட்டைக்கோசுத் தோட்டம், இருந்தது. அவருடைய உழவு மெஷினைத் திருத்திக் கொடுத்தவர் மாமா. ரோட்டில் ஓட முடியாத காரைத் தோட்டத்துக்குள் ஓடினால் யார் கேட்கப் போகிறார்கள்? அப்பா ஓவர்டைம் செய்யப் போகிற சனிக்கிழமைகளில் மஸ்டாங் கொட்டிலை விட்டு வெளியே வந்தது. அம்மா இடப்பக்கம் ஸ்டியரிங்கில், மாமா வலப்பக்கம், நான் பின்னால். அப்பாவுக்குச் சொல்லக்கூடாது என்று எனக்குக் கட்டளை. சொன்னால் பயப்படுவாராம்.

முதல் நாள் கார் தவளை மாதிரிப் பாய்ந்து நின்றது. மாமா "அக்கா, கிளச், கிளச்!" என்று கத்த, அம்மா "கத்தாதை, எனக்குக் காது கேக்கும்" என்று திருப்பிக் கத்தினார். இரண்டாம் சனிக்கிழமை ஒரு வரிசை கோவா அரைபட்டது. அதைப் பிறகு நாங்கள்தான் ஒரு கிழமைக்கு வறையும் சொதியுமாகத் தின்று தீர்த்தோம், அப்பா ஒன்றும் விளங்காமல் "என்ன, கோவா மலிவோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் அம்மா பிடித்துக்கொண்டார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வலக்கையால் கியரைத் தள்ளி, அந்த அகன்ற மூக்கைத் தோட்டத்தின் நாலு மூலையிலும் அழகாகத் திருப்புவார். இஞ்சின் உறுமுகிறபோது அவர் முகத்தில் வருகிற சந்தோஷத்தை நான் வீட்டுக்குள் கண்டதில்லை. ஒருநாள், யாருக்கென்று இல்லாமல், "இது நான் சொல்லுறதைக் கேக்குது" என்றார்.

குளிர் குறையத் தொடங்கியதும் அம்மா அப்பாவிடம் விஷயத்தை உடைத்தார். நான் சண்டை வருமென்று காத்திருந்தேன். சண்டை வரவில்லை. அப்பா நல்ல மனுசன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்பிடியே? சரி, ஓடிக் காட்டும். சரியா ஓடினீரெண்டால் நானே கூட்டிக்கொண்டு போய் லைசென்சுக்குப் பதியிறன்" என்றார். மாமா மீசையை முறுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவின் கார் வாசலில் நின்றது. மாமாவும் நானும் முன்கதவுப் படியில் நின்று பார்த்தோம். அம்மா நேரே போய் இடப்பக்கக் கதவைத் திறந்து, ஏறி, நிமிர்ந்து உட்கார்ந்து, கையை நீட்டினார். அங்கே ஸ்டியரிங் இல்லை.

"என்னப்பா, நான் ஓடவோ?" என்றார் அப்பா.

எனக்குப் பக்கத்தில் மாமா "ஐயோ" என்று தலையில் கைவைத்தது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. இடத்தை வலமாக மாற்றுவதே தொழிலாகக் கொண்ட மனிதர், அக்காவை இடப்பக்கத்தில் வைத்துப் பழக்கினால் அவருக்கு எல்லாம் மாறிக் கிடக்கும் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை!

அம்மா இறங்கிச் சுற்றிப் போய் வலப்பக்கம் ஏறினார். கியர் போட வலக்கையை வீசினார், அது கதவில் மோதியது. சிக்னல் என்று நினைத்து எதையோ தட்ட, நல்ல வெயிலில் வைப்பர் கிறீச் கிறீச்சென்று ஆடத் தொடங்கியது. ஆனாலும் கார் நகர்ந்தது. நகர்ந்தது, இடப்பக்கமாகவே சாய்ந்து சாய்ந்து போனது. காரின் இடது ஓரத்தில் இருந்து ஓடிப் பழகியவருக்கு, தனக்கு இடப்பக்கத்தில் இன்னும் ஒரு ஆள் அகலம் கார் இருக்கிறது என்பது மனதில் பதியவில்லை. பக்கத்து வீட்டுத் தபால் பெட்டி மளாரென்று சரிந்தது. பக்கத்து வீட்டுக்காரி வெளியே வந்து, "நோ வொறீஸ், லவ்!" என்று, பரவாயில்லை என்பதுபோலக் கைகாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அப்பா திட்டவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு அம்மாவின் தோளைத் தட்டி, "சரி விடும். நான் இருக்கிறன்தானே, எங்கை போகவேணுமெண்டாலும் கூட்டிக்கொண்டு போறன்" என்று அன்பாகச் சொன்னார். அந்தத் தவணை வேலை இன்னொருத்திக்குப் போய்விட்டது. புதுவருடம் பிறக்க இன்னொரு இடம் காலியாகும், அப்போது பார்க்கலாம் என்றாள் தலைமை ஆசிரியை.

மாமா மிகவும் உடைந்து போனார். "பிழை முழுக்க என்ரை, அக்கா. ஸ்டியரிங்கை மட்டும் இந்தப் பக்கம் கொண்டுவந்திடுறன், பிறகு இதே காரிலை திருப்பிப் பழக்கிறன். சத்தியமா!" என்றார். அம்மா அந்தச் சத்தியத்தைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு மாமா கொட்டிலுக்குள் வேலை செய்கிற நேரமெல்லாம் அம்மா அங்கேதான் நின்றார். ரோச் லைற் பிடித்தார், எண்ணெய் பிசுக்கான இரும்புகளை மண்ணெண்ணெயில் கழுவிக் கொடுத்தார், எந்த ஸ்பானர் என்று மாமா கேட்குமுன் எடுத்து நீட்டினார். ஸ்டியரிங்கைக் கழற்றி, கால்மிதிகளை இடம் மாற்றி, டாஷ்போர்ட் என்கிற முன்பலகையை வெட்டித் திருப்பிப் பொருத்த மாதக்கணக்கானது. "எப்ப முடியும், தம்பி?" என்று அம்மா கேட்பார். "அவசரப்படாதேங்கோ அக்கா, கண்ணாடி மாதிரி வரவேணும்" என்பார் மாமா.

இங்கே கோடையான மார்கழியின் வெயிலில் ஒருநாள் அது முடிந்தது. கோயில் இல்லாத ஊர், ஐயரும் இல்லை. அம்மாவே கற்பூரம் கொளுத்தி, பொட்டு வைத்து, நாலு சில்லுக்குக் கீழும் தேசிக்காய் வைத்தார். பட்டுச்சேலை கட்டியிருந்தார், ஆனால் காலில் தட்டையான பழைய சப்பாத்து. இது என்ன கோலம் அம்மா என்று கேட்டேன். சிரித்தார். அப்பாவும் நானும் பின்னால் ஏறிக்கொண்டோம். அம்மா வலப்பக்கக் கதவின் பக்கம் போனார்.

மாமா ஓடிவந்து இடப்பக்கக் கதவை அகலத் திறந்துவிட்டு, "இஞ்சாலை வாங்கோ அக்கா! முதல் றவுண்ட் உங்களுக்குத்தான்" என்றார்.

அம்மா ஒரு கணம் நின்றார். பிறகு சுற்றி வந்து இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தார். தேசிக்காய்கள் நசுங்க, கார் ரோட்டுக்கு இறங்கியது. பெருந்தெருவுக்கு வந்ததும் மாமா நல்ல செய்தியைச் சொன்னார். காருக்கு ஆள் அகப்பட்டுவிட்டதாம். திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போகிறானாம். அந்தக் காசில் ஒரு அறுபத்தொன்பதாம் ஆண்டு மஸ்டாங்கை எடுக்கப் போகிறாராம், முகத்தில் நாலு விளக்கு உள்ளதை. அப்பா "பலே, கெட்டிக்காரன்!" என்றார்.

அம்மாவுக்கு முன்னால், முன்பு ஸ்டியரிங் இருந்த இடத்தில், இப்போது மூடி போட்ட ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அம்மா அதைத் திறந்தார். உள்ளே ஒன்றும் இல்லை. திரும்ப மூடி, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

"நல்லாச் செய்திருக்கிறாய், தம்பி" என்றார். "இருந்த இடமே தெரியேல்லை."

மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கே வெட்டினார், எப்படி ஒட்டினார், எந்தத் துளையை எதால் அடைத்தார் என்று வீடு திரும்பும்வரை விளக்கிக்கொண்டே வந்தார். அம்மா வெளியே பார்த்தபடி ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டே வந்தார். அம்மாவுக்குக் கார் வேலையில் இவ்வளவு ஆர்வமா என்று எனக்கு ஒரே ஆச்சரியமாக இருந்தது.