காலனியில் மட்டும் ஒருசந்தி

அரியலூர் பக்கம் எங்கள் பங்குக் கோயிலில் அன்பியம் என்ற ஜெபக்குழுவுக்கு ஊர்த்தெருக்காரர் ஒருவர்தான் பொறுப்பாளர். மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்வோம். முடிந்ததும் அந்த வீட்டில் டீ. ஏலாக்குறிச்சி மாதா கோயிலில் வாங்கிய ஜெபமாலை அவருடைய வெள்ளைச் சட்டைப் பையில் எப்போதும் பிதுங்கிக்கொண்டிருக்கும். "நாங்க எல்லாரும் ஒரே குடும்பம் ஆண்டவரே" என்று ஜெபிக்கும்போது குரல் தழுதழுக்கும்.

ஊர்த்தெருவில் கூட்டம் என்றால் வடையை இரண்டாவது தடவை கேட்டு வாங்கித் தின்பார். எங்கள் காலனிக்கு வந்தால் மட்டும், "இன்னிக்கு ஒருசந்தி தம்பி, பச்சத்தண்ணி கூடப் படாது" என்பார்.

இந்த வருஷம் உயிர்ப்பு ஞாயிறன்றே என் வீட்டில் கூட்டத்தை வைத்தேன். ஆண்டவர் உயிர்த்த நாளில் எவன் ஒருசந்தி இருப்பான்?

டீ வந்ததும், "சுகர் இருக்கு தம்பி" என்றார்.

"சீனி போடலண்ணே. குடிங்க."

தம்ளரையே பார்த்தார். "ஜெபம் பண்ணிட்டுக் குடிப்போம்" என்று கண்ணை மூடினார். மழைக்காக, பிள்ளைகளின் பரீட்சைக்காக, வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக, திருத்தந்தைக்காக என்று ஜெபம் நீண்டுகொண்டே போனது. கண்ணைத் திறந்தபோது டீயில் ஆடை படிந்திருந்தது.

"அடடா, ஆறிப்போச்சே!"

என் மனைவி எடுத்துப்போய்ச் சூடுபண்ணிக் கொண்டுவந்தாள். அதற்குள் அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, ஜெபத்தில் வந்த கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கண்ணீர் நிஜந்தான். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.