ஒரு தாளுக்கு இரண்டு டிக்

கணிதப் பொருளாதாரத் துறை அலுவலகத்தில் பதினெட்டு வருடமாகக் கோப்பு பார்க்கும் அந்த அம்மாளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் வடிகட்டி. யாரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆனர்ஸ் பட்டத்துக்குக் கணிதத்தில் ஆறு தாள், பொருளாதாரத்தில் எட்டு, ஓர் ஆய்வேடு, ஒரு வாய்மொழித் தேர்வு. ஒன்று குறைந்தாலும் சாதாரணப் பட்டம்தான். பேராசிரியர்களே கையேட்டைப் புரட்டச் சோம்பல்பட்டு அவரைத்தான் கேட்பார்கள். அவர் கல்லூரி வாசலை மிதித்ததே வேலைக்கு வந்தபோதுதான்.

கணினியை அவர் நம்ப மாட்டார். வருட முடிவில் ஒவ்வொரு பிள்ளையின் அட்டையையும் எடுத்து, முடித்த தாளுக்கு நேரே டிக் போடுவார். போட்டதைத் திரும்பிப் பார்க்க மாட்டார். "என் டிக் மேல எனக்கே சந்தேகம்னா அப்புறம் நான் எதுக்கு?" என்பார். திமிர்தான், வேறென்ன.

இறுதிப் பட்டியலுக்கு ஆறு நாள் இருக்கும்போது, ஒரு தையற்காரர் மகளின் கோப்பைக் கட்ட எடுத்தார். அட்டையில் பதினான்கு டிக். மதிப்பெண் சீட்டுகளோ பதின்மூன்று. மறுபடி எண்ணினார். கீழே விழுந்திருக்குமோ என்று மேசைக்கடியில்கூடக் குனிந்து பார்த்தார். பிறகுதான் கண்ணில் பட்டது: இரண்டாம் ஆண்டுப் புள்ளியியல் தாளுக்குக் கணிதப் பக்கத்திலும் டிக், பொருளாதாரப் பக்கத்திலும் டிக். ஒரு தாள் ஒரு பக்கம்தான் செல்லும் என்று வருடா வருடம் எல்லோர் காதிலும் ஓதுகிறவரே அவர்தான். அந்தப் பெண்ணுக்கு வெளியூரில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது, ஆனர்ஸ் இருந்தால் மட்டும்.

கோப்பைக் கட்டி அனுப்பினால் யாரும் பிரித்துப் பார்க்கப் போவதில்லை. வடிகட்டி பார்த்தது என்றால் பார்த்ததுதான். கோப்பின் நாடாவைக் கட்டினார், மறுபடி அவிழ்த்தார். பிறகு எழுந்து துறைத்தலைவர் அறைக்குப் போனார்.

"அந்தப் பொண்ணு கையேட்டைப் படிச்சிருக்கணும் இல்ல?" என்றார் தலைவர்.

"என்னை வந்து கேட்டா சார். போதும், இன்னொரு கணக்குத் தாள் வேண்டாம்னு நான்தான் சொன்னேன்."

"அலுவலகத் தப்புன்னா தனித்தேர்வு வைக்கலாம். ஆனா நீங்க எழுதிக் கொடுக்கணும். உங்க கோப்புல ஏறும். அப்புறம் சரிபார்க்கிற வேலை உங்ககிட்ட இருக்காது. யோசிச்சுக்கோங்க."

யோசித்தால் கை வராது என்று பயந்து, நின்றபடியே எழுதிக் கொடுத்தார்.

அன்று மாலை அந்தப் பெண்ணை வரவழைத்துச் சொன்னார். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"ரெண்டு வருஷமா சரின்னுதானே சொன்னீங்க மேடம்? ஒரு வருஷப் பாடத்தை அஞ்சு நாள்ல எப்படிப் படிக்கிறது?"

"தப்பு என்னோடதும்மா. திட்டணும்னா திட்டு."

"திட்ட நேரம் இல்ல மேடம்," என்று பாடத்திட்டத்தை வாங்கிக்கொண்டு ஓடினாள்.

அந்த ஐந்து நாளும் வடிகட்டிக்குச் சோறு இறங்கவில்லை. தேர்வு அறைப் பக்கம் மூன்று முறை போய், எட்டிப் பார்க்காமலே திரும்பினார். ஐம்பது எடுத்தால் தேர்ச்சி. ஆறாம் நாள் மாலை ஐந்து மணிக்குப் பட்டியல் மூடும். மதிப்பெண் வந்தபோது மணி நாலேகால்.

ஐம்பத்திரண்டு.

அவர் அட்டைக்குக் கை நீட்டினார். பக்கத்துப் பிரிவு எழுத்தர் சங்கடத்துடன் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அக்கா, இனிமே நான்தான் பார்க்கணுமாம். நீங்க வெளிய இருங்க."

அந்த எழுத்தர் விரல் வைத்து ஒவ்வொரு தாளாகக் கையேட்டோடு ஒப்பிட்டார். நான்கு நிமிட வேலை அரைமணியாக நீண்டது. பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக, உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாமல் வடிகட்டி நடைபாதையில் நின்றார். மணி நாலே முக்கால் தாண்டியது.

பெஞ்சில் நகம் கடித்துக்கொண்டிருந்த அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.